குழாய் எட்டாத இடத்துக் கழிவு: சிங்கப்பூரின் வாளிகளிலிருந்து மலைப்பாதைக் கேரவன்கள் வரை

குழாய் வழியே போகாத மனிதக் கழிவு முதலில் ஒரு கலத்தில் சேர்கிறது. பிறகு ஆளோ வண்டியோ அதைச் சுமந்து போகிறது. கடைசியில் அது ஓரிடத்தில் இறக்கப்பட வேண்டும். பழைய கடைவீட்டின் வாளிக் கழிப்பறை, கட்டுமானத் தளத்தில் நிற்கும் நடமாடும் கழிப்பறை, கப்பல், விமானம், மலைச்சாலையில் ஏறும் கேரவன் வண்டி என எல்லாவற்றுக்கும் இதே வழிதான். கலத்தையும் வண்டியையும் வடிவமைக்க ஆட்கள் எப்போதும் கிடைத்திருக்கிறார்கள். இறக்குமிடம் எங்கே அமைய வேண்டும், எவ்வளவு இடைவெளியில் அமைய வேண்டும், யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்குத்தான் நகராட்சிகளும் சுற்றுலாத் துறைகளும் விடை சொல்லத் தாமதித்திருக்கின்றன.

சிங்கப்பூரில் மலைநாடு கிடையாது. மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். கேரவனில் தங்கிச் சுற்றும் பழக்கமும் அங்கே இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியை ஆராய அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 1987 வரை அங்கே வாளியில் மலம் சுமக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1997இல், மக்கள் அனைவருக்கும் நவீனக் கழிப்பறை வசதி கிடைத்துவிட்டது. சுமக்கும் முறை எப்படித் தோன்றியது, எப்படி நடந்தது, எதனால் முடிந்தது, முடிந்த பிறகும் எது மிஞ்சியது என்பதையெல்லாம் ஒரே தீவில் வரிசையாகப் பார்க்க முடிகிறது. கேரளத்திலும் ஸ்காட்லாந்திலும் நியூசிலாந்திலும் இன்று மலைப்பாதை இறக்குமிடங்களைத் திட்டமிடுவோருக்கு அந்த அனுபவம் நேரடியாகப் பயன்படக்கூடியது.

விலை போன கழிவு

19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் மலத்தை அகற்றுவது அரசின் வேலையாக இருக்கவில்லை. சீனக் குத்தகைக்காரர்கள் அதை வீடுகளிலிருந்து எடுத்து, நகரைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டங்களுக்கும் மிளகு, காம்பியர் தோட்டங்களுக்கும் உரமாக விற்றார்கள். இறக்குமிடம் என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை. வாங்குபவரின் தோட்டமே இறக்குமிடம். பணம் கொடுத்து வாங்க ஆள் இருந்தவரை கழிவு தேங்கவில்லை. நகரம் பெருத்துத் தோட்டங்கள் தள்ளிப் போனபோது சுமைக்கூலி ஏறியது. மழைக்காலத்தில் தோட்டக்காரருக்கு உரம் தேவைப்படாத நாட்களிலும் நகரத்தின் கழிவு நிற்கவில்லை. வாளிகள் தாமதமாக எடுக்கப்பட்டன. சில சாக்கடையில் கவிழ்ந்தன. பச்சை மலம் இட்ட கீரையும் அதைக் கழுவிய தண்ணீரும் வயிற்றுப்புழுவையும் குடற்காய்ச்சலையும் காலராவையும் நகருக்கே திருப்பி அனுப்பின.

சந்தையை நம்பி இறக்குமிடத்தைத் திட்டமிடக் கூடாது என்பதற்கு இது முதல் சான்று. கழிவை உரமாக்குவது நல்ல நோக்கம். ஆனால் உரத்தின் தேவை பருவத்துக்குப் பருவம் மாறும். கழிவின் வரத்து மாறாது. இரண்டுக்கும் நடுவே சேமிப்புத் தொட்டியும் பதப்படுத்தும் ஏற்பாடும் இல்லாவிட்டால் எந்த உரத் திட்டமும் முதல் மழையிலேயே தடுமாறும்.

இன்று லிட்டில் இந்தியா எனப்படும் சிராங்கூன் சாலை வட்டாரம் அந்தக் காலத்தில் நகரத்தின் ஓரம். சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததால் தமிழர்கள் அதைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். மாட்டுப் பட்டிகளால் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரும் வழங்கியது. அருகிலிருந்த ஜாலான் புசாரில் நகராட்சியின் குப்பை எரிப்பாலை வந்தது. நகரம் தன் கண்ணுக்கும் மூக்குக்கும் ஒவ்வாததை ஓரத்துக்குத் தள்ளும். ஓரத்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் புதிதாக வந்த கூலிகளாக இருப்பார்கள். லிட்டில் இந்தியாவின் வரலாற்றில் இது கோயில்களையும் கடைகளையும் போலவே ஒரு பகுதி. அது போதிய அளவு பேசப்படுவதில்லை.

பின்சந்து ஏன் வந்தது

1906இல் பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்சன் சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய வரவழைக்கப்பட்டார். மறு ஆண்டு வெளியான அவருடைய அறிக்கை நகரத்தின் கடைவீடுகளைப் பற்றிக் கடுமையாகப் பேசியது. வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. பின்புறம் வழியே இல்லை. சமையலறைக்கு அருகே இருந்த கழிப்பறையிலிருந்து எடுத்த வாளி, படுத்திருப்பவர்களையும் சாப்பிடுபவர்களையும் கடந்து முன்வாசல் வழியாகவே தெருவுக்கு வர வேண்டியிருந்தது. வீடுகளுக்குப் பின்னால் சந்துகளைத் திறக்க வேண்டும் என்பது அவருடைய முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று. ஒட்டியிருந்த பின்கட்டுகளை இடித்துச் சந்து திறக்கும் வேலை பல பத்தாண்டுகள் நீடித்தது. இன்று சுவரோவியங்களைப் படமெடுக்கச் சுற்றுலாப் பயணிகள் நுழையும் பின்சந்துகள் காற்றுக்காகவும் தீயணைப்புக்காகவும் வாளிக்காகவும் திறக்கப்பட்டவை.

இறக்குமிடத்தைப் பற்றிய ஆய்வில் பின்சந்துக்கு இவ்வளவு இடம் தருவதற்குக் காரணம் உண்டு. கழிவு போகும் வழியும் மக்கள் புழங்கும் வழியும் எங்கே குறுக்கிடுகின்றன என்பதே சுகாதாரத் திட்டமிடலின் முதற்கேள்வி. மலைப்பாதை ஓய்விடம் ஒன்றில் குடிநீர்க் குழாயும் கழிவு இறக்கும் குழியும் ஒரே மேடையில் இருந்தால், 1906இல் இருந்த தவறு சிறிய அளவில் மீண்டும் நடக்கிறது. கேரவனில் வருபவர் கழிவுப் பெட்டியைக் கழுவிய கையோடு பக்கத்துக் குழாயில் தண்ணீர்க் கலத்தை நிரப்புவார். அலசுவதற்குத் தனிக் குழாய், குடிநீருக்கு எட்டத்தில் வேறு குழாய், இரண்டுக்கும் வெவ்வேறு திருகுமரை என்று அமைத்தால் ஒரு குழாயில் மாட்டும் ரப்பர்க் குழல் மற்றதில் மாட்டாது. அறிவிப்புப் பலகை எத்தனை வைத்தாலும் செய்ய முடியாததை அந்த மரை செய்துவிடும்.

வாளியும் முப்பத்திரண்டு கதவு லாரியும்

நகராட்சியின் வாளிமுறை எளிமையானது. கழிப்பறை தரைமட்டத்திலிருந்து சற்று உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். அடியில் வாளி. வெளிப்புறச் சுவரில் ஒரு சிறு கதவு. பணியாளர் அந்தக் கதவைத் திறந்து நிறைந்த வாளியை இழுத்து, கழுவிய வெறும் வாளியைத் தள்ளிவைப்பார். காவடித் தண்டின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு லாரிவரை நடப்பார். லாரியின் இரு பக்கமும் அறை அறையாகச் சிறு கதவுகள் இருக்கும். முப்பத்திரண்டு கதவு லாரி என்றே சிங்கப்பூரில் அதற்குப் பெயர் நிலைத்தது. நிறைந்ததும் அது இறக்குநிலையத்துக்குப் போகும். அங்கே வாளிகள் கவிழ்க்கப்பட்டு, கழுவப்பட்டு, மறுநாளைக்குத் தயாராகும். கழிவு சுத்திகரிப்புக்குப் போகும். வடகிழக்கில் சிராங்கூன் ஆற்றையொட்டிய லோரோங் ஹாலூஸ் நிலையம்தான் கடைசிவரை இயங்கியது. 1987 ஜனவரியில் வாளிமுறை முடிவுக்கு வந்தது.

இந்த முறையில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கழிவு வீட்டுவாசலில் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றப்படவில்லை, பாத்திரமே மாற்றப்பட்டது. சிந்தும் வாய்ப்பு தெருவிலிருந்து நிலையத்துக்கு நகர்ந்தது. கேரவன்களில் இன்று இருக்கும் இழுப்புப் பெட்டிக் கழிப்பறையும் இதே அமைப்புத்தான்: வண்டியின் பக்கச் சுவரில் ஒரு சிறு கதவு, உள்ளே சுமார் 20 லிட்டர் பெட்டி, இழுத்து எடுத்து இறக்குமிடத்துக்குக் கொண்டுபோக ஒரு பிடி. வேறுபாடு என்னவென்றால், சிங்கப்பூரில் அதைக் கவிழ்க்கவும் கழுவவும் பயிற்சி பெற்ற ஆட்களும் கழுவுமேடையும் இருந்தன. கேரவனில் வருபவர் அதை வாழ்க்கையில் முதல்முறையாகச் செய்பவராக இருக்கலாம். ஆகவே மலைப்பாதை நிலையத்தின் வடிவமைப்பு, தொழிலாளியின் தேர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. குழியின் வாய் அகலமாக, இடுப்புக்குக் கீழே, பெட்டியைச் சாய்த்து வைக்க விளிம்போடு இருக்க வேண்டும். சிந்தினால் உள்ளேயே வழிய வேண்டும்.

வாளி தூக்கியவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தெருக்களையும் சாக்கடைகளையும் துப்புரவு செய்த நகராட்சித் தொழிலாளர்களில் தமிழர்கள் மிகுதி. இரு தரப்பாரும் விடியுமுன் வேலையைத் தொடங்கி, நகரம் விழிப்பதற்குள் கண்ணில் படாமல் முடித்தார்கள். ஒரு நகரத்தின் உயிர்நாடியாக இருந்த இந்த வேலைக்கு உரிய மதிப்பும் கூலியும் எளிதில் கிடைக்கவில்லை. 1967 பிப்ரவரியில் தினக்கூலித் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 2,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. தொழிற்சங்கத்தின் பதிவு ரத்தானது. அந்தப் போராட்டத்தின் அரசியலைத் தனியே ஆராய வேண்டும். கழிவுத் திட்டமிடலுக்கு அதிலிருந்து தெரிவது ஒன்று: சுமக்கும் முறை ஒவ்வொரு நாளும் ஆட்களை நம்பியிருக்கிறது. குழாய் நிறுத்தப்பட்டால் பழுதுபார்க்க ஒருநாள் கிடைக்கும். வாளி எடுக்கப்படாவிட்டால் மறுநாளே வீடு நாறும். ஆட்களுக்கான செலவையும் அவர்களுடைய நலனையும் முதல் பக்கத்திலேயே எழுதாத திட்டம் காகிதத்தில் மட்டுமே மலிவு.

குழாய் வந்த பிறகு

1910களில் சிங்கப்பூரின் முதல் கழிவுநீர்த் திட்டம் உருவானது. அலெக்சாண்ட்ரா சாலையில் வடிகட்டிப் படுகைகள் கொண்ட சுத்திகரிப்பு நிலையம், பார்க் ரோடு, ரிவர் வேலி ரோடு, ரங்கூன் ரோடு ஆகிய மூன்று இடங்களில் இறைப்பு நிலையங்கள், இவற்றை இணைக்கும் குழாய்கள் ஆகியவை அதன் உறுப்புகள். ரங்கூன் ரோடு லிட்டில் இந்தியாவின் வடக்கு ஓரம். தட்டையான நிலத்தில் கழிவுநீர் தானாக ஓடாது. ஓரளவு ஓடியதும் குழாய் ஆழமாகிவிடும். அங்கிருந்து மேலே இறைத்தால்தான் மறுபடி ஓடும். அதனால் தாழ்நிலத்தில் குழாய்த் திட்டம் என்றாலே இறைப்பு நிலையங்கள்தான். மலைநாட்டில் நேர்மாறு: சரிவு தாராளம், நீர் ஓடுவதில் சிக்கல் இல்லை. அங்கே தடையாக இருப்பது தூரமும் பாறையும். பத்து வீடுகளுக்காகப் பத்து கிலோமீட்டர் பாறையை உடைத்துக் குழாய் பதிக்க எந்த ஊராட்சியிடமும் பணம் இருக்காது. ஆகவே மலைநாட்டில் சுமப்பது என்பது தற்காலிக ஏற்பாடாக இருக்காது, நிரந்தரமாகவே இருக்கும். அந்த எண்ணத்தோடுதான் திட்டமிட வேண்டும்.

சிங்கப்பூரில் வாளியை ஒழித்தது சட்டத்தைவிட அதிகமாக அடுக்குமாடி வீடு. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் கட்டப்பட்ட ஒவ்வொரு புளோக்கும் குழாயோடு வந்தது. 1961இல் உலு பாண்டான் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில் வரைந்த பெருந்திட்டம் தீவை ஆறு வடிநிலப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை ஒதுக்கியது. 1972இல் சுற்றுப்புற அமைச்சு உருவானது. 1977இல் பிரதமர் லீ குவான் யூ சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்தாண்டுகளில் சுத்தப்படுத்தக் கோரியபோது, ஆற்றில் கழிவைக் கொட்டியவர்களுக்கு மாற்றிடம் தந்த பிறகே தடை பயன் தந்தது. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக் கடைக்காரர்கள் குழாய் இணைப்புள்ள அங்காடி நிலையங்களுக்கு மாறினார்கள். கொட்டாதே என்று சொல்வதற்கு முன் எங்கே கொட்டலாம் என்று சொல்லியாக வேண்டும்.

இன்று தீவின் கழிவுநீர் ஆழ்சுரங்கங்களை நோக்கிப் போகிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்கட்டச் சுரங்கம், 2009இல் திறக்கப்பட்ட சாங்கி நீர் மீட்பு ஆலையில் முடிகிறது. ஆரம்பக் கொள்ளளவு நாளொன்றுக்கு 8 லட்சம் கனமீட்டர். சுரங்கம் சரிவாகவே ஆழ்ந்து போவதால் வழியில் இறைப்பு நிலையம் தேவையில்லை. கடைசியில் ஒரே இடத்தில் இறைத்தால் போதும். இரண்டாம் கட்டம் மேற்கே துவாஸை நோக்கிப் போகிறது. சுத்திகரித்த நீரின் ஒரு பகுதி புதுநீர் என்ற பெயரில் மறுபயன்பாட்டுக்குத் திரும்பி வருகிறது.

குழாய்த் தீவில் இன்னும் சுமக்கப்படுவது

எல்லாம் குழாய்க்குள் போய்விட்டது என்று நினைப்பது பிழை. கட்டுமானத் தளங்களின் நடமாடும் கழிப்பறைகள், திறந்தவெளி விழாக்களுக்கு வாடகைக்கு வரும் கழிப்பறைகள், கப்பல்கள், விமானங்கள், உணவகங்களின் எண்ணெய்க் கசடுத் தொட்டிகள் ஆகியவற்றின் கழிவு இன்றும் லாரியில்தான் போகிறது. இவற்றை எடுத்துச்செல்ல தேசியச் சுற்றுப்புற வாரியம் தனி வகை உரிமம் வழங்குகிறது. குப்பை அள்ளும் உரிமம் வைத்திருப்பவர் அதைக் கொண்டு மலக்கழிவை எடுத்துச்செல்ல முடியாது. இறக்குமிடமும் லாரிக்காரர் தேர்ந்துகொள்வதன்று. அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் இறக்க வேண்டும். உரிமத்தையும் இறக்குமிடத்தையும் இப்படிச் சேர்த்துக் கட்டியிருப்பது ஒரு நல்ல ஏற்பாடு. எங்கே எடுக்கப்பட்டது என்ற பதிவும் எங்கே இறக்கப்பட்டது என்ற பதிவும் பொருந்தாவிட்டால் நடுவில் ஏதோ சாக்கடை நிறைந்திருக்கிறது என்று பொருள்.

சிங்கப்பூரில் இந்தக் கண்டிப்புக்குக் காரணம் நீரமைப்பு. மழைநீர்க் கால்வாய் தனி, கழிவுநீர்க் குழாய் தனி. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் குடிநீருக்கான மழைநீர்ப் பிடிப்புப் பகுதி. லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர், 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டால் உருவான நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதிப் பின்சந்தில் மழைநீர்ச் சாக்கடையில் கவிழும் ஒரு வாளி, குடிநீரை நோக்கிப் பயணம் செய்கிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை நடக்கும் பக்தர்களுக்கும், ஞாயிறு மாலைகளில் லிட்டில் இந்தியாவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் கழிப்பறை வசதி செய்வது வெறும் உபசாரமாகாது. அது நீர்ப்பாதுகாப்பின் ஒரு பகுதி. கூட்டம் வரும் என்று தெரிந்தும் கழிப்பறையைக் கொடுக்காமல் கூட்டத்தைக் குறைசொல்வது எந்த ஊரிலும் நியாயமாகாது.

மலைநாட்டுக்கு மிக நெருங்கிய சிங்கப்பூர் உதாரணம் புலாவ் உபின் என்ற சிறுதீவு. பெருந்தீவின் கழிவுநீர்க் குழாய் அங்கே போகவில்லை. வீடுகளும் முகாமிடங்களும் சிதறிக் கிடக்கின்றன. வார இறுதியில் கூட்டம் பெருகிவிடுகிறது. ஒவ்வொரு மலைப்பாதைக்கும் இதே மூன்று இயல்புகள் உண்டு.

கப்பல்களுக்கான விதி இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. 2003இல் நடைமுறைக்கு வந்த மார்போல் ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பின்படி, பதப்படுத்தாத மலக்கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். அரைத்துக் கிருமிநீக்கம் செய்ததை 3 கடல் மைலுக்கு அப்பால். அதற்கு ஈடாகத் துறைமுகங்கள் கழிவைப் பெற்றுக்கொள்ளும் வசதி வைத்திருக்க வேண்டும். தடையும் வசதியும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கின்றன. கேரவன் சுற்றுலாவை ஊக்குவிக்கும் அரசுகளின் கொள்கைகளில் தடைக்கும் வசதிக்கும் இடையிலான இந்தப் பிணைப்பு பெரும்பாலும் தளர்வாக இருக்கிறது.

மலைப்பாதைக் கணக்கு

ஸ்காட்லாந்தின் வட மலைநாட்டைச் சுற்றிவரும் வட கடற்கரை 500 என்ற பாதை 2015இல் அறிமுகமானது. சுமார் 830 கிலோமீட்டர். ஒற்றைத்தடச் சாலைகள், சிற்றூர்கள், செப்டிக் தொட்டிகள். விளம்பரம் வண்டிகளைக் கொண்டுவந்தது; இறக்குமிடங்கள் பின்னால் நடந்துவந்தன. நியூசிலாந்து வேறு வழியில் போனது: தானாகவே மூன்று நாள் தாங்கக்கூடிய வண்டிக்கே தன்னிறைவுச் சான்று. 2023இல் கொண்டுவந்த சட்டம் அந்தச் சான்றுக்கு வண்டியில் நிலையாகப் பொருத்திய கழிப்பறையைக் கட்டாயமாக்கியது. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா அமைந்தது. வண்டிகளை நிலையான பூங்காக்களில் நிறுத்தச் சொல்வது கேரள முறையின் பலம், பூங்காவே இறக்குமிடமாகிவிடுகிறது. பூங்காவுக்கும் பூங்காவுக்கும் நடுவே சாலையோரம் நிற்கும் வண்டிகள்தான் கவலைக்குரியவை.

இடைவெளியைக் கிலோமீட்டரில் கணக்கிடுவது வழக்கம். நாளில் கணக்கிடுவதே சரி. ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் மலமும் சிறுநீரும் ஏறத்தாழ 1.5 லிட்டர். சிறிது அலசுநீரையும் சேர்த்தால் இருவர் பயணம் செய்யும் வண்டியின் 20 லிட்டர்ப் பெட்டி இரண்டு அல்லது மூன்று நாளில் நிறையும். மலைச்சாலையில் ஒருநாளைக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 160 கிலோமீட்டருக்குள் இறக்குமிடம் வேண்டும். ஆனால் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குப் பெட்டி ஒரே நாளில் நிறைந்துவிடும். நிலச்சரிவில் சாலை அடைபட்டால் அடுத்த நிலையம் எட்டாது. ஒரு நிலையம் பழுதானாலும் வண்டி தவித்துப் போகாதபடி, ஒருநாள் ஓட்டத் தொலைவுக்கு ஒன்றாவது வைப்பதே பாதுகாப்பு.

நிலையத்தின் அளவைத் தீர்மானிக்கும்போது கொள்ளளவு ஏமாற்றும். நாளொன்றுக்கு 40 வண்டிகள் வருகின்றன, ஒவ்வொன்றும் பெட்டியையும் அலசுநீரையும் சேர்த்து 25 லிட்டர் இறக்குகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,000 லிட்டர்தான். ஒரு சிறு தண்ணீர் லாரியில் பல மடங்கு கொள்ளும். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் இருவருடைய இரண்டு நாள் கழிவு இருக்கிறது. 40 பெட்டிகளில் 160 பேரின் ஒருநாள் கழிவு. 300 பேர் வசிக்கும் ஊரின் சிறு சுத்திகரிப்பு நிலையத்தில் இதை நேரே விட்டால் அதன் சுமை பாதிக்கு மேல் கூடிவிடும். அதுவும் காலை ஒன்பது மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவே, வண்டிகள் புறப்படும் நேரத்தில் மொத்தமாக வந்து இறங்கும். நுண்ணுயிர்கள் அந்த அடியைத் தாங்காது. ஆகவே நடுவில் ஒரு தாங்குதொட்டி வைத்து, இரவு முழுவதும் சிறிது சிறிதாக விட வேண்டும். கழிவுப் பெட்டியில் பயணிகள் ஊற்றும் மணநீக்கி மருந்து இன்னொரு தொல்லை. பார்மால்டிஹைடு கலந்த பழைய வகைகள் நாற்றத்தோடு செப்டிக் தொட்டியின் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். பெரிய நகர ஆலையில் அது கரைந்து போகும். மலையூரின் தொட்டியில் கரைவதற்கு இடமில்லை.

ஊரில் சுத்திகரிப்பு நிலையமே இல்லாத இடத்தில் வெளிவாய் இல்லாத மூடிய தொட்டியே நம்பகமானது. 10,000 லிட்டர்த் தொட்டி மேற்சொன்ன கணக்கில் பத்து நாளில் நிறையும். ஏழாம் நாளிலேயே லாரி வர வேண்டும். அந்த லாரி ஏற முடிகிற சாலையும் திரும்ப முடிகிற முற்றமும் இருக்க வேண்டும். ஊறல் குழியைப் பல இடங்களில் மலிவு கருதிப் பரிந்துரைக்கிறார்கள். பாறைமேல் ஓரடி மண் உள்ள சரிவில் ஊறல் குழியில் விட்டது சில மீட்டர் தள்ளி ஊற்றாக வெளியே வரும். அதற்குக் கீழே யாருடைய கிணறு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பரிந்துரையை எழுத வேண்டும். குளிர் கூடிய உயரத்தில் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பருவமழையின்போது மேடைக்குக் கூரை இல்லாவிட்டால் தொட்டி மழைநீரால் நிறைந்து வழியும்.

தமிழ்நாட்டில் ஒரு பாதி விடை ஏற்கெனவே இருக்கிறது. 2014இல் வெளியான செப்டிக் கசடு மேலாண்மை வழிகாட்டு நெறிகள், சுத்திகரிப்பு நிலையமுள்ள நகரத்தோடு அருகிலுள்ள ஊர்களைத் தொகுப்பாக இணைத்தன. திருச்சியில் கசடு லாரிகள் கழிவுநீர் இறைப்பு நிலையங்களில் இறக்கும் ஏற்பாடு உண்டு. கருங்குழியில் மலக்கசடுக்கென்றே தனி ஆலை கட்டப்பட்டது. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ கேரவன் இறக்குமிடம் வேண்டுமென்றால், அதைத் தனித் திட்டமாகத் தொடங்காமல் இந்த லாரிகளின் சுற்றுப்பாதையில் ஒரு நிறுத்தமாகச் சேர்ப்பது செலவையும் குறைக்கும், பொறுப்பையும் தெளிவாக்கும். மலக்குழிக்குள் மனிதரை இறக்கும் கொடுமையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இங்கேயும் பொருந்தும். உள்ளே ஆள் இறங்காமல், வெளியிலிருந்தே குழல் விட்டு உறிஞ்சிக் கழுவ முடியாத தொட்டியைக் கட்ட அனுமதிக்கவே கூடாது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, இறக்கும் இடத்தில் வசூலிப்பது தவறான இடத்தில் வைக்கும் தடை. காசு கேட்டால் சிலர் ஓடையைத் தேடிப் போவார்கள். ஓடைக்குக் கட்டணம் இல்லை. வண்டி வாடகையிலோ பூங்காக் கட்டணத்திலோ முன்கூட்டியே சேர்த்து வாங்கிவிட்டு, இறக்குவதை இலவசமாக வைத்தால் நேர்வழியே எளிய வழியாகிவிடும்.

நிலையத்தை மூடும் நாளையும் திட்டத்தில் எழுத வேண்டும். லோரோங் ஹாலூஸ் வட்டாரம் 1970 முதல் 1999 வரை குப்பை நிரப்புநிலமாகவும் இருந்தது. நிரப்புநிலம் மூடப்பட்ட பின்னும் மண்ணிலிருந்து கசிவுநீர் நிற்கவில்லை. பக்கத்தில் சிராங்கூன் நீர்த்தேக்கம் அமைந்தபோது, கசிவுநீர் அதில் சேராதபடி தடுத்துச் சேகரித்து நாணல் படுகைகளில் வடிகட்ட வேண்டியிருந்தது. 2011இல் அந்த இடம் ஈரநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஒரு மலைப்பாதை இறக்குமிடத்தின் சுமை அதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் தொட்டியைத் தோண்டி எடுக்கும் செலவையும், சுற்றியுள்ள மண்ணையும் கீழ்ச்சரிவு ஊற்றுகளையும் சோதிக்கும் செலவையும், அந்தச் சோதனையைச் செய்ய வேண்டிய துறையின் பெயரையும் தொடக்க மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.